கரி வாங்க யார் பணம் தருவார்? புதிய மாசுகளும் பொது நிதியும்

அமெரிக்காவில் பிஃபாஸ் (PFAS) எனப்படும், எளிதில் சிதையாத செயற்கை வேதிப்பொருட்கள் போன்ற புதிய மாசுகளைத் தண்ணீரிலிருந்து அகற்றுவதற்கென்றே 2021ஆம் ஆண்டின் உள்கட்டமைப்புச் சட்டம் 1,000 கோடி டாலரை ஒதுக்கியது. 2023இல், இந்த வேதிப்பொருட்களைப் பல பத்தாண்டுகள் தயாரித்த 3எம் நிறுவனம், குடிநீர் வழங்கும் அமைப்புகளுக்கு 1,030 கோடி முதல் 1,250 கோடி டாலர் வரை தருவதாக ஒப்புக்கொண்டது. டூபான்ட், கெமோர்ஸ், கோர்ட்டேவா ஆகிய மூன்று நிறுவனங்களும் சேர்ந்து மேலும் 118.5 கோடி டாலர் தர முன்வந்தன. இவ்வளவு பணம் மேசைக்கு வந்த பிறகும், பிஃபாஸ் சுத்திகரிப்பைக் காரணம் காட்டித் தண்ணீர்க் கட்டணம் ஏறுவது பலரைக் குழப்புகிறது. ஒதுக்கிய பணம் எங்கே போனது என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அதற்கான விடை ஊழலில் இல்லை. மாசின் தன்மைக்கும் நிதியின் தன்மைக்கும் இடையே உள்ள பொருத்தமின்மையில்தான் இருக்கிறது.

"புதிய" மாசு என்றால் என்ன?

பிஃபாஸ் என்பது ஒற்றைப் பொருளின் பெயர் அல்ல. கார்பன் அணுக்களோடு ஃப்ளோரின் அணுக்கள் இறுகப் பிணைந்த பல ஆயிரம் செயற்கைச் சேர்மங்களின் குடும்பப் பெயர் அது. கரிம வேதியியலில் காணப்படும் மிக வலுவான பிணைப்புகளில் ஒன்று இது. அதனால்தான் ஒட்டாத வாணலியிலும், மழை ஒட்டாத துணியிலும், எண்ணெய் ஊறாத காகிதத்திலும், எரிபொருள் தீயை அணைக்கும் நுரையிலும் இச்சேர்மங்களுக்கு இடம் கிடைத்தது. வெயிலாலோ நுண்ணுயிரிகளாலோ எளிதில் சிதையாததும் அதே காரணத்தால்தான். "நிரந்தர இரசாயனங்கள்" என்று செய்தித்தாள்கள் இவற்றை அழைக்கின்றன.

இவை எவ்வகையிலும் புதியவை அல்ல. டெஃப்லான் என்று பின்னர் பெயர் பெற்ற பொருள் டூபான்ட் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் கையில் தற்செயலாகக் கிடைத்தது 1938இல். தீயணைப்பு நுரை 1960களில் உருவானது. பி.எஃப்.ஓ.எஸ். என்ற பிஃபாஸ் சேர்மத்தின் உற்பத்தியைப் படிப்படியாக நிறுத்துவதாக 3எம் அறிவித்தது 2000இல். ஆனால் அமெரிக்கக் குடிநீரில் இவற்றுக்குச் சட்டப்படி கட்டாயமான நாடு தழுவிய வரம்பு முதன்முதலாக எழுதப்பட்டது 2024 ஏப்ரலில். "புதிய மாசு" என்ற தொடரில் உள்ள "புதிய" என்பது சட்டத்தின் வயதைச் சொல்கிறதே தவிர, மாசின் வயதை அல்ல.

ஒரு பொருள் மாசு என்று அங்கீகரிக்கப்பட மூன்று படிகளைக் கடக்க வேண்டியிருக்கிறது.

1. அளக்க முடிய வேண்டும். பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். ஆகிய இரு பிஃபாஸ் சேர்மங்களுக்கும் 2024இல் வைக்கப்பட்ட வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். ஐந்து ஒலிம்பிக் நீச்சல் குளங்களில் ஒரு துளி கலந்தால் வரும் அளவு அது. மாதிரி எடுக்கச் செல்பவர் நீர் ஒட்டாத மழைச்சட்டை அணியக் கூடாது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன, ஏனெனில் சட்டையின் பூச்சிலுள்ள பிஃபாஸே சோதனை முடிவைக் கெடுத்துவிடக்கூடும்.

2. தீங்கு நிறுவப்பட வேண்டும். மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் நகரை ஒட்டிய டூபான்ட் ஆலையைச் சுற்றி வாழ்ந்த ஏறத்தாழ 69,000 பேரின் இரத்த மாதிரியும் நோய்க்குறிப்பும் திரட்டப்பட்டன. ஒரு வழக்கின் சமரசத்தால் அமைந்த அறிவியல் குழு அவற்றை ஆராய்ந்து, சிறுநீரகப் புற்றுநோய், விரைப் புற்றுநோய், தைராய்டு நோய் உள்ளிட்ட ஆறு பாதிப்புகளுக்கும் பி.எஃப்.ஓ.ஏ.வுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று முடிவுக்கு வர 2012 ஆகிவிட்டது. சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை பி.எஃப்.ஓ.ஏ.வை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது 2023இன் இறுதியில்.

3. வரம்பு எழுதப்பட வேண்டும். 2016இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆலோசனையாக மட்டும் சொன்ன அளவு 70 நானோகிராம். கட்டாய வரம்பாக எட்டே ஆண்டுகளில் அது 4 ஆனது. 2016இல் "பாதுகாப்பானது" என்ற சான்றோடு நின்ற கிணறு 2024இல் மாசுபட்ட கிணறாக மாறியது. தண்ணீர் மாறவில்லை.

மூன்றாவது படிதான் பண விவகாரத்தின் தொடக்கம். வரம்பு எழுதப்படும்வரை யாருக்கும் செலவு செய்யும் கடமை இல்லை. எழுதப்பட்ட மறுகணமே கடமை வருகிறது, அதுவும் மாசை உண்டாக்கியவருக்கு அல்ல, தண்ணீர் வழங்குபவருக்கு.

மாசுபடுத்தியவரே கட்டட்டும் என்ற நெறி ஏன் போதவில்லை?

மாசுபடுத்தியவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 1972இலேயே ஏற்றுக்கொண்ட நெறி. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை ஒப்பந்தத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. தெரிந்த மாசு, தெரிந்த ஆலை, தெரிந்த குழாய் என்று இருந்தால் இந்த நெறி ஓரளவு வேலை செய்யும். புதிய மாசுகளில் அது மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறது.

1. வெளியேற்றிய காலத்தில் அது குற்றமில்லை. பட்டியலில் இல்லாத பொருளை ஆற்றில் விட்டதற்கு அபராதம் விதிக்க முடியாது. பொறுப்பை முன்தேதியிட்டுச் சுமத்தும் சட்டம் தனியே வேண்டும்.

2. ஆலை இல்லாமல் போயிருக்கலாம். இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நிலத்தடி நீரைப் பரந்த அளவில் மாசுபடுத்திய மித்தெனி நிறுவனம் 2018இல் திவாலானது. நிர்வாகிகளில் 11 பேரை 2025இல் நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு நீரைச் சுத்தம் செய்யாது.

3. மாசுபடுத்தியது அரசாகவே இருக்கலாம். தீயணைப்பு நுரையை அதிகம் கொட்டிய இடங்களில் இராணுவ விமான தளங்களும் விமான நிலையங்களும் முன்வரிசையில் நிற்கின்றன. அங்கே மாசுபடுத்தியவர் கட்டட்டும் என்றால், வரி செலுத்துபவர் கட்டட்டும் என்றே பொருள்.

முன்தேதியிட்ட பொறுப்புக்கு அமெரிக்காவில் ஒரு கருவி உண்டு. நியூயார்க் மாநிலத்தின் லவ் கெனால் குடியிருப்பில், புதைக்கப்பட்ட இரசாயனக் கழிவு வீடுகளுக்கடியில் கசிந்து வந்த கொந்தளிப்புக்குப் பிறகு 1980இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தைச் சூப்பர்ஃபண்ட் என்று அழைக்கிறார்கள். பொறுப்பாளி யாரும் கிடைக்காத இடங்களைச் சுத்தம் செய்ய, இரசாயன நிறுவனங்கள் மீதும் பெட்ரோலிய நிறுவனங்கள் மீதும் ஒரு தனி வரி போடப்பட்டது. அந்த வரி 1995இல் காலாவதியானது. நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்காமல் விட்டதால் நிதி கரைந்துபோய், பொது வருவாயே அந்த இடத்தை நிரப்ப நேர்ந்தது. இரசாயன வரி 2022 ஜூலையிலும் பெட்ரோலிய வரி 2023 ஜனவரியிலும்தான் திரும்பி வந்தன. வரிக்குரிய 42 இரசாயனங்களின் பட்டியலில் பிஃபாஸ் சேர்மங்கள் இல்லை. அவற்றைத் தயாரிக்க மூலப்பொருளாக உதவும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு மட்டும் ஏற்கெனவே இருந்தது.

பி.எஃப்.ஓ.ஏ.வும் பி.எஃப்.ஓ.எஸ்.உம் 2024இல் சூப்பர்ஃபண்ட் சட்டத்தின் அபாயப் பொருள் பட்டியலில் சேர்ந்தன. உடனே வேறோர் அச்சம் எழுந்தது. இந்தச் சட்டத்தில் பொறுப்பு என்பது மாசை உண்டாக்கியவரோடு நின்றுவிடுவதில்லை. அதைக் கையாண்டவரையும் தொடும். வடிகட்டியில் பிஃபாஸைப் பிடித்து வைத்திருக்கும் குடிநீர் நிலையமும், கழிவை வாங்கிக் கொட்டிய குப்பைக்கிடங்கும் நாளை பிரதிவாதிகள் ஆகலாம். இத்தகையோர் மீது தான் நடவடிக்கை எடுக்கப்போவதில்லை என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அது முகமையின் கையைத்தான் கட்டும். பொறுப்புள்ள தனியார் நிறுவனம் செலவுப் பங்கு கேட்டு அவர்கள் மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்காது.

1,000 கோடி டாலர் எந்தக் குழாய் வழியாக ஓடுகிறது?

இந்தத் தொகை ஒரே பெட்டியில் இல்லை. 400 கோடி குடிநீருக்கான மாநிலச் சுழல் நிதி வழியாகவும், 100 கோடி கழிவுநீருக்கான சுழல் நிதி வழியாகவும், 500 கோடி சிறிய, பின்தங்கிய ஊர்களுக்கான நேரடி மானியமாகவும் பிரிக்கப்பட்டு, 2022 முதல் 2026 வரையிலான ஐந்து நிதியாண்டுகளுக்கு ஆண்டுத் தவணைகளாகப் பங்கிடப்பட்டது.

சுழல் நிதி என்பது, பெயருக்கேற்ப, சுழல வேண்டிய பணம். நடுவண் அரசு தரும் முதலோடு மாநிலமும் தன் பங்கைச் சேர்த்து, குறைந்த வட்டிக்குக் குடிநீர் அமைப்புகளுக்குக் கடன் கொடுக்கும். கடன் திரும்பி வந்ததும் அதே பணம் அடுத்த ஊருக்குப் போகும். கழிவுநீருக்கு 1987 முதலும் குடிநீருக்கு 1996 முதலும் இந்த ஏற்பாடு நடக்கிறது. புதிய மாசுகளுக்கான தொகையில் மட்டும் விதி மாற்றப்பட்டது: மாநிலம் பங்கு போட வேண்டியதில்லை, வாங்குபவரும் திருப்பித் தர வேண்டியதில்லை. சிறிய ஊர்களுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் திரும்பி வராத பணம் சுழலாது. ஒரு முறை செலவானால் தீர்ந்தது. வெளியே சுழல் நிதி என்ற பலகை தொங்கினாலும் உள்ளே இருப்பது ஒருவழிப் பாதைதான்.

யாருக்குத் தகுதி உண்டு என்பதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. இது "புதிய" மாசுகளுக்கான நிதி என்பதால், ஏற்கெனவே தேசிய வரம்பு எழுதப்பட்ட மாசு எதற்கும் இதிலிருந்து பணம் தர இயலாது. ஆர்சனிக் அதிகமுள்ள ஊருக்கு இந்தக் கதவு மூடியிருக்கும். வரம்பு எழுதலாமா என்று முகமை பரிசீலிக்கும் பொருட்களின் "வேட்பாளர்" பட்டியலில் உள்ள மாங்கனீசுக்குத் திறந்திருக்கும். இதே தர்க்கத்தை நூல் பிடித்தாற்போல் பின்பற்றினால், 2024இல் வரம்பு எழுதப்பட்ட நாளன்றே பிஃபாஸ் தகுதி இழந்திருக்க வேண்டும். அதாவது, சுத்தம் செய்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் பிறக்கும் நாளில் சுத்தம் செய்வதற்கான பணம் நின்றுபோயிருக்கும். இந்த அபத்தத்தை உணர்ந்து, பிஃபாஸுக்கு மட்டும் வரம்பு வந்த பிறகும் தகுதி தொடரும் என்று முகமை 2022இலேயே விதிவிலக்கு எழுதிவைத்தது. அடுத்த மாசுக்கு இத்தகைய விதிவிலக்கு தானாக வராது.

கரித்தொட்டியும் ஆண்டுச் செலவும்

நிதி எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பது விளங்க வேண்டுமானால் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் சற்று நுழைந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான ஊர்கள் கையாளும் வழி ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நிலக்கரியையோ தேங்காய்ச் சிரட்டையையோ சுட்டுப் பதப்படுத்தி எண்ணற்ற நுண்துளைகள் உண்டாக்கிய குருணைக் கரி. உயரமான எஃகுத் தொட்டிகள் இரண்டு இரண்டாக வரிசையில் நிற்கும். முதல் தொட்டியின் கரிப்படுகை வழியே இறங்கும் நீர், காவலுக்கு நிற்கும் இரண்டாவது தொட்டிக்குள் நுழைந்து வெளியே வரும். தொட்டியின் பக்கவாட்டில் கால், அரை, முக்கால் உயரங்களில் சிறு குழாய்கள் இருக்கும். அவற்றிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்து அனுப்பினால், மாசின் முன்னணி கரிக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். முதல் தொட்டி நிறைந்து மாசு கசியத் தொடங்கியதும், அதன் கரியை அள்ளிப் புதுக் கரி நிரப்பி, அதைக் காவல் தொட்டியாக்கி, பழைய காவல் தொட்டியை முன்னுக்குக் கொண்டுவருவார்கள். சங்கிலி நீளம் குறைந்த பிஃபாஸ் சேர்மங்கள் கரியில் சரியாக ஒட்டாமல் முதலில் கசிந்துவிடும் என்பதால், எந்தச் சேர்மத்துக்கு வரம்பு இருக்கிறது என்பதே கரி மாற்றும் இடைவெளியைத் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் நீரைக் கையாளும் நிலையம். நீரில் லிட்டருக்கு 40 நானோகிராம் பிஃபாஸ். அப்படியானால் ஒரு நாளில் உள்ளே வரும் மாசின் மொத்த எடை 0.4 கிராம். ஆண்டு முழுவதற்கும் 146 கிராம், ஒரு சோப்புக் கட்டியின் எடை. நீர் கரியோடு பத்து நிமிடம் தொடர்பில் இருக்க வேண்டுமென்றால் முன்னணித் தொட்டிகளில் மட்டும் சுமார் 70 கன மீட்டர் கரி, அதாவது ஏறக்குறைய 35 டன் தேவை. அந்த 146 கிராமுக்காக 35 டன் கரியை மீண்டும் மீண்டும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். நிலத்தடியில் மாசு இருக்கும்வரை இது நிற்காது.

சுழல் நிதியின் விதிகள் தொட்டி கட்டவும் குழாய் பதிக்கவும் பணம் தரும். இயக்கத்துக்கும் பராமரிப்புக்கும் தராது. கரி மாற்றும் செலவு, மின்சாரம், பணியாளர் ஊதியம், ஆய்வகக் கட்டணம் ஆகியவை எல்லாம் மூலதனச் செலவல்ல, நடப்புச் செலவு. மானியம் கிடைத்த ஊரிலும் கட்டணம் ஏறுவதன் முதல் காரணம் இதுவே. மானியம் கிடைத்ததாலேயே ஏறுகிறது என்றுகூடச் சொல்லலாம், ஏனெனில் தொட்டி வந்துவிட்டால் அதை ஓட்டித்தான் ஆக வேண்டும்.

தொகையின் அளவும் போதாது. 2024 வரம்புகளை நிறைவேற்ற ஆண்டுக்குச் சுமார் 150 கோடி டாலர் ஆகும் என்று முகமையே மதிப்பிட்டது. குடிநீர் அமைப்புகளின் சங்கம் அதைவிட மிகக் கூடுதல் என்றது. முகமையின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் ஏழு ஆண்டுகளுக்குள் 1,000 கோடியைத் தாண்டிவிடும். 3எம் தொகையோ 2036 வரை தவணைகளாக, மாசின் அளவுக்கும் நீரின் அளவுக்கும் ஏற்பப் பங்கிடப்படுவது. சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் வீடுகள் குடிநீர்ச் சட்ட வரம்புக்குள்ளும் வருவதில்லை, அந்தச் சமரசத்துக்குள்ளும் வருவதில்லை.

இதற்கிடையே 2025 மே மாதத்தில், பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். வரம்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றை நிறைவேற்றும் கெடுவை 2029இலிருந்து 2031க்குத் தள்ளவும், ஏனைய பிஃபாஸ் சேர்மங்களுக்கான வரம்புகளைத் திரும்பப் பெறவும் எண்ணியிருப்பதாக முகமை அறிவித்தது. ஒதுக்கீடு 2026 நிதியாண்டோடு முடிகிறது. கெடு நீளும்போது, காத்திருப்பதே சிக்கனம் என்று ஓர் ஊர் முடிவெடுத்தால் அது தவறான கணக்குதான்: பணம் இருக்கும்போது கட்டாயம் இருக்காது, கட்டாயம் வரும்போது பணம் இருக்காது.

பிடித்த மாசு எங்கே போகிறது?

கரி பிஃபாஸை அழிப்பதில்லை, பிடித்துவைக்கிறது. நிறைந்த கரியை மிக உயர்ந்த வெப்பத்தில் சுட்டு மறுபடி பயன்படுத்தலாம், எரிக்கலாம், புதைக்கலாம். புதைத்தால் குப்பைக்கிடங்கின் கசிநீர் வழியே மீண்டும் கழிவுநீர் நிலையத்துக்கு வரும். கழிவுநீர் நிலையத்தில் அது சேற்றுக் கசடில் படியும். அந்தக் கசடைப் பல ஆண்டுகள் விளைநிலங்களில் உரமாக இட்டு வந்த மெய்ன் மாநிலத்தில், நிலமும் பாலும் கிணறும் மாசுபட்டது தெரிந்ததும் 2022இல் அந்த வழக்கத்துக்கே தடை போட்டார்கள். பாதிக்கப்பட்ட பண்ணைகளுக்கென 6 கோடி டாலர் ஒதுக்கினார்கள். குடிநீர் நிதி, கழிவுநீர் நிதி, நில மீட்பு நிதி என்று தனித்தனிப் பெட்டிகளில் பணம் இருக்கையில், மாசு ஒரு பெட்டியின் எல்லையைத் தாண்டியதும் முந்தைய பெட்டியின் கணக்கில் "தீர்ந்தது" என்று பதிவாகிவிடுகிறது.

வேறு வழிகள்

சுவிட்சர்லாந்து 2016இல் எளிமையான ஒரு ஏற்பாட்டைத் தொடங்கியது. மருந்து, பூச்சிக்கொல்லி முதலியவற்றின் நுண்மாசுகளைக் கழிவுநீரிலிருந்து அகற்ற, தலைக்கு ஆண்டுக்கு 9 பிராங்க் வரை கழிவுநீர் நிலையங்களிடமிருந்து வசூலித்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். தேர்ந்தெடுத்த நிலையங்களை மேம்படுத்தும் மூலதனச் செலவில் 75 விழுக்காட்டை அது தருகிறது. மேம்படுத்தி முடித்த நிலையத்துக்கு அந்தக் கட்டணம் கிடையாது. இந்த விலக்கில்தான் சூட்சுமம் உள்ளது: கட்டணம் நின்றதால் மிஞ்சும் பணம் நடப்புச் செலவுக்குக் கைகொடுக்கும். இதில் கொடுப்பவர் மாசுபடுத்தியவர் அல்ல, எல்லோரும்தான். அதை மறைக்காமல் சொல்லிவிடுவது இந்த ஏற்பாட்டின் நேர்மை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் திருத்தப்பட்ட நகர்ப்புறக் கழிவுநீர் விதிமுறை மறுபக்கத்திலிருந்து வருகிறது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அது, நுண்மாசுகளை நீக்கும் கூடுதல் சுத்திகரிப்பின் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்கிறது. மூலதனம் மட்டுமன்றி இயக்கச் செலவும் இதில் அடங்கும். கரி மாற்றும் செலவை உற்பத்தியாளரின் கணக்கில் எழுதியது இதன் முக்கியமான முன்னேற்றம் என்றே கருத வேண்டும். சில மாதங்களுக்குள் அத்துறைகளின் அமைப்புகள் ஒன்றியத்தின் பொது நீதிமன்றத்தை அணுகின. தங்கள் இரு துறைகள் மட்டும் ஏன் என்பது அவர்களின் வாதம்.

வரிசையில் அடுத்தது

டிரைஃப்ளோரோஅசிட்டிக் அமிலம் என்ற பொருள் இப்போது ஐரோப்பிய நீர்நிலைகளில் பரவலாக அளக்கப்படுகிறது. புதிய தலைமுறைக் குளிரூட்டி வாயுக்களும் சில பூச்சிக்கொல்லிகளும் சிதையும்போது இது உருவாகிறது. இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட இதை, பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் 2021ஆம் ஆண்டு வரையறை பிஃபாஸ் குடும்பத்தில் சேர்க்கிறது. அமெரிக்க முகமையின் வேதிப்பொருள் பிரிவு கையாளும் வரையறை சேர்ப்பதில்லை. இனப்பெருக்கத்துக்குத் தீங்கு செய்யும் பொருளாக இதை வகைப்படுத்த வேண்டும் என்று ஜெர்மனி முன்மொழிந்துள்ளது. இதற்குப் பரவலாகக் கட்டாய வரம்பு வரும் நாளில், 1,000 கோடியின் உதவியோடு கட்டப்பட்ட கரித்தொட்டிகள் இதற்குப் பெரிதாகப் பயன்படமாட்டா: இவ்வளவு சிறிய மூலக்கூறு ஆக்டிவேட்டட் கார்பனில் ஏறக்குறைய ஒட்டுவதே இல்லை. ஆர்.ஓ. சவ்வு இதைத் தடுக்கும். ஆனால் உள்ளே வரும் நீரில் ஒரு பகுதியை, மாசு செறிந்த கழிவாக அது வெளியே தள்ளும். அந்தக் கழிவு எந்த நிதியின் கணக்கில் வரும் என்று இன்னும் எங்கும் எழுதப்படவில்லை.